கல் பார்த்த வாசல்

முற்றத்து மணலில் பூட்ஸ் தடங்கள் இருந்தன. கேட்டிலிருந்து அங்கே நடந்து வந்த தடம் மட்டும் இல்லை.

பால் வாங்கப் போன மேஸ்திரி பத்தே நிமிடத்தில் திரும்பியிருந்தார். போகும்போது மணல் சமமாகக் கிடந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். இப்போது ஜோடி ஜோடியாக, குதிகால்கள் ஒட்டி, வரிசைக்கு ஏழாக ஆறு வரிசைத் தடங்கள். அத்தனையும் வீட்டு வாசலைப் பார்த்திருந்தன.

அவற்றுக்குப் பின்னால், வாசலுக்கு எதிர்மதிலில், அந்தக் கல் சாய்ந்து நின்றது. என்றோ நடந்த போரில் செத்த நாற்பத்திரண்டு சிப்பாய்களின் பெயர் செதுக்கிய கல். சாலையை அகலப்படுத்துவதால் நினைவுச்சின்னத்தைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, வேறு இடத்தில் அதே வரிசையில் நிறுத்துவது மேஸ்திரியின் வேலை. கிடங்கில் இடமில்லை என்று இந்த ஒரு கல்லை மட்டும் முந்தாநாள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். "நாப்பத்திரண்டு விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, வடிச்சுக் கொட்டுறது யாராம்?" என்று மனைவி கேலி செய்தாள். அவரும் சிரித்தார்.

நேற்றும் தடங்கள் இருந்தன, கல்லை ஒட்டி. தெருப் பசங்களின் சேட்டை என்று திட்டிக்கொண்டே அழித்தார். இன்று முன்வரிசைக்கும் வாசற்படிக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது.

மனைவி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வர எட்டாகும். உள்ளே ஏழு வயது மகள் தனியாக இருந்தாள்.

போன் அடித்தது. ஓவர்சீயர்.

"மேஸ்திரி, பழைய ஃபைல் இப்பதான் கைக்கு வந்துச்சு. அந்தச் சின்னத்தை முன்னாடியே ரெண்டு தடவை இடம் மாத்தியிருக்காங்க. ஒரு தடவை வெள்ளத்துக்காக, ஒரு தடவை பாலம் கட்ட. ரெண்டு தடவையும் ஒரே குறிப்பு. எங்க இறக்கினாலும் பேர் இருக்கிற முகம் போர் நடந்த வயலைப் பார்த்துத்தான் நிக்கணுமாம்."

"ஏன் சார்?"

"காரணம் எழுதல. நீங்க எந்தப் பக்கம் பார்த்து வெச்சிருக்கீங்க?"

எழுத்து மதிலில் உராய்ந்துவிடக் கூடாது என்று, தொழில் தெரிந்தவனின் அக்கறையோடு, முகத்தை வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தது அவரேதான்.

"அப்பா, யாருப்பா வந்திருக்காங்க?" கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல்.

"யாருமில்லடா குட்டிம்மா. கதவைத் திறக்காத. அப்பா இதோ வந்துடறேன்."

வயல் மதிலுக்கு அந்தப் பக்கம், கிழக்கே. அவர் கடப்பாரையை எடுத்தார். மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் தடங்களுக்கு நடுவே கல்லை நோக்கி நடந்தபோது, சேற்றில் ஊறிய தோலின் வாடையும் துருவின் வாடையும் மூக்கில் ஏறின. இரண்டு பக்கமும் யாரோ மூச்சை அடக்கி நிற்பதுபோல, ஓர் ஆள் நுழையும் அளவுக்கே இடம் விட்டிருந்தது காற்று. நான்கு பேர் சேர்ந்து இறக்கிய கல். ஒற்றை ஆளாக ஒரு மூலையை நெம்பினார். ஒரு விரற்கடை நகர்ந்தது. அடுத்த மூலை. கடவுளே, இன்னும் கொஞ்சம்.

கல் திரும்பியது. பெயர்கள் கிழக்கைப் பார்த்தன.

முதுகுக்குப் பின்னால் மணல் ஒரே சமயத்தில் நெரிந்தது.

திரும்பிப் பார்த்தார். தடங்கள் எல்லாம் இப்போது வயலைப் பார்த்திருந்தன. அப்பாடா! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசைகளை எண்ணினார்.

ஐந்து.

மறுபடி எண்ணினார். ஐந்துதான். முன்வரிசை இல்லை. வாசற்படியில் கறுத்த சேறு. படி ஏறிய சேறு.

"குட்டிம்மா!"

ஓடினார். கதவு தானாகத் திறந்தது.

மகள் வெளியே வந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீண்டு உயர்ந்திருந்தன. பிஞ்சு விரல்கள் யாருடைய கைகளையோ பற்றியதுபோல் மடங்கியிருந்தன. அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேற்றுத் தடங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. இடது. வலது. இடது.

அவர் அவளை இறுகக் கட்டிக்கொண்டார். இழுத்தார். அவள் ஒரு கணமும் நிற்கவில்லை.

"அப்பா," என்றாள் அவள், மெதுவாக. "நீங்கதான் அவங்களை முதல்ல வீட்டுக்குப் போகச் சொன்னீங்களாம், இப்ப வயலுக்குப் போகச் சொல்றீங்களாம். என்னையும் கூட்டிட்டுப் போறாங்க."

அவளுடைய பாதங்கள் தரையைத் தொடவே இல்லை.