தானாக ஏறிய ஒயில்

காலையில் பார்த்தபோது ஒயில் கூடியிருந்தது.

நல்லரத்தினம் தன் வான் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒயில் அளக்கும் கம்பியை இழுத்தார். பழந்துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். ஒயில் கம்பியின் மேல் அளவுக்கோட்டையும் தாண்டி நின்றது. நேற்றும் அப்படித்தான். யாரும் ஊற்றவில்லை. குறைய வேண்டிய ஒயில் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது.

வாவியில் ஓர் அலையும் இல்லை. வீட்டு முற்றத்தில், கரையோரம் நின்ற வானிலிருந்து வேப்பிலை வாசம் வந்தது. அங்கே வேப்பமரமே கிடையாது.

பக்கத்தில் நின்ற மகள் விதுர்ஷா ஓரடி பின்வாங்கினாள்.

“அப்பா, பிழையான ஒயிலோ?”

“இல்ல புள்ள. ஏறாவூர்ல ஒயில்கடை றிஸ்லான் வானைப் பார்த்திட்டுத்தான் தந்தவன். பழைய டீசல் எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில்தான் சரியாம்.”

போன வருடம்வரை அப்பா மீனவர். தோணியை விற்றுத்தான் இந்த வானை வாங்கினார். ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போவது இதில்தான். வீட்டில் உலை வைப்பதும் இதனால்தான்.

பக்கத்து வீட்டு அருமைநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, வாவியால வந்த ஏதோ ஒண்டு இதுக்குள்ள ஏறியிரிக்கு. நேத்து ஸ்டார்ட் பண்ணக்குள்ள வான் விம்மி அழுதுதே, கேட்கல்லையா?”

“பேய் ஒயில் குடிக்குமா மாமா?” என்றாள் விதுர்ஷா.

“குடிச்சாக் குறையுமே புள்ள. இது கூடுதே! அதுதான் பயம்.”

அப்பா பெருமூச்சு விட்டார். “இண்டைக்கு வானை வாங்க ஆள் வருது. கேட்ட விலைக்குக் குடுத்திடுறன்.”

விதுர்ஷாவுக்கு வானைக் கொடுக்க விருப்பமில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு கம்பியைக் கையில் வாங்கினாள். அதன் நுனியில் ஒயில் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் நுரைத்திருந்தது. புது ஒயில் தேன் நிறத்தில் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

மீன்குழம்பில் எண்ணெய் எப்போதும் மேலேதான் மிதக்கும். அப்படியானால் கீழே?

“அப்பா, வானுக்கு அடியில ஒயில் வடிக்கிற ஆணியைக் கழட்டுங்க. பாரமானதுதான் முதல்ல வரும்.”

அப்பா வானுக்கடியில் படுத்து ஆணியைத் திருகினார்.

ஒயில் வரவில்லை. சொட்... சொட்... கலங்கிய தண்ணீர் கீழே வைத்த தாச்சிச் சட்டியில் விழுந்தது. அதில் ஒரு வேப்பிலைத் துணுக்கு மெல்லச் சுழன்றது.

“ஐயோ, அம்மாளே!” அருமைநாயகம் வேலிக்குப் பின்னால் மறைந்தார். அவருடைய குரல் மட்டும் கேட்டது. “சொன்னனான்தானே!”

விதுர்ஷா நிமிர்ந்தாள். சமையல் குசினி வாசலில் அம்மா நின்றாள். அவளுடைய விரல்கள் சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

விதுர்ஷாவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அம்மாவைச் சுட்டிக்காட்ட மனம் வரவில்லை.

“மாமா, பேய்க்கு வேப்பிலையெண்டாப் பயமெல்லா? அது ஏன் வேப்பிலையோட வருது?”

வேலிக்கு மேலால் அருமைநாயகத்தின் தலை மறுபடி எழுந்தது.

“எங்கட வான் நல்லா இரிக்கவேணும் எண்டு நினைச்ச ஆரோதான் இதை ஊத்தியிரிக்காங்க,” என்றாள் விதுர்ஷா.

அம்மா மெல்ல முன்னால் வந்தாள். “இஞ்சாருங்க... எஞ்சின் கொதிக்குதெண்டு நீங்கதானே சொன்னீங்க? கண்ணகியம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குல குடுத்த வேப்பிலைத் தண்ணி... ஊரையே குளிர வைக்கிற தண்ணி. விடிய முன்னம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினன்.”

“எதுக்குள்ள?”

“ஒயில் ஊத்துற வாய்க்குள்ள. அது ஒண்டுதானே எனக்குத் தெரியும்!”

அப்பா வானுக்கடியில் கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். அவருடைய கால்கள் இரண்டும் குலுங்கின.

“முழுக்க வடிச்சுக் கழுவி, புது ஒயில் விடவேணும். அதுவரைக்கும் ஆரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது,” என்றாள் விதுர்ஷா.

“இன்னும் அரைப் போத்தல் மிச்சம் இரிக்கு,” என்றாள் அம்மா தயங்கியபடி.

எஞ்சின் ஆறிக் கிடந்தது. விதுர்ஷா ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டினாள்.

“இலையை வடிச்சிட்டு இதுக்குள்ள ஊத்துங்கம்மா. தண்ணி குடிக்கிற வாய் இதுதான்.”

அப்போது வான் வாங்க வந்தவர் வாசல் படலையைத் தட்டினார். அப்பா வானுக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“விக்கிறதில்ல தம்பி! இது அம்மன் தண்ணி குடிச்ச வான்!”