நாலு விரல் சாய்ந்த நீலத் தொட்டி

தேவயானிக்குக் காலையிலிருந்தே கோபம். சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற கோபம் இல்லை, காதெல்லாம் சுடுகிற கோபம்.

எல்லாம் கோவிந்தன் மாமாவால் வந்தது.

புதூர்நாட்டுக்குப் பக்கத்தில், மலைச்சரிவில், மாமா இரண்டு அறைகள் கட்டி விட்டிருந்தார். கோடை விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்காகப் போன வருடம் ஒரு நீலத் தொட்டி வாங்கினார். பள்ளம் தோண்டாமல், இரும்புக் கால்களை நட்டுத் தரைக்கு மேலேயே நிறுத்துகிற நீச்சல் தொட்டி அது. விருந்தாளிகள் இல்லாத நாளில் ஊர்ப் பிள்ளைகள் பூராவும் அதற்குள்தான் கிடப்பார்கள்.

கோடை முடிந்ததும் அதைக் கழுவி, காயவைத்து, மடித்து வைத்தவள் தேவயானி. அதனால் இந்த வருடம் அதைப் பிரித்து நிறுத்தும்போது தானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

போன வருடம் தொட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இந்த வருடம் மாமா அதை மேட்டு விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"குளிச்சிக்கினே பள்ளத்தாக்கப் பாக்கலாம்! நாளைக்கு மத்தியானம் வாணியம்பாடியிலேர்ந்து சைபுல்லா பாய் குடும்பத்தோட வர்றாரு. அப்படியே அசந்துடுவாங்க பாரு!" என்றார்.

"மாமா, இங்க தரை சாயுதுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. தேவயானியின் அப்பா கொத்தனார். வீட்டுக்கு ஓடி அவருடைய ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்தாள். நடுவில் நிற்க வேண்டிய குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

மாமா சிரித்தார். "அட, அது செவுத்துக்குப் பாக்குறதும்மா. தண்ணிக்கு எதுக்கு மட்டம்? அது தானா மட்டமா நின்னுக்கும்!"

"வந்துட்டாங்கப்பா இன்ஜினியரம்மா!" என்றான் மாமா மகன் பிரகாஷ். அவனும் சிரித்தான்.

தேவயானிக்குக் காது சுட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஊற்றுத் தண்ணீருக்கு அந்த ஊரில் முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அன்று மாமாவின் முறை. ஊற்றிலிருந்து வந்த குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, "ரொம்புற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது" என்று சொல்லி மாமா ஜீப்பில் ஏறித் திருப்பத்தூருக்குச் சாமான் வாங்கப் போனார்.

மத்தியானம் தொட்டி பாதி நிறைந்தது. தேவயானி எட்டிப் பார்த்தாள். தொட்டியின் உள்பக்கம் பாதி உயரத்தில் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். பள்ளத்தாக்குப் பக்கம் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டது. வீட்டுப் பக்கமோ கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

குனிந்து பார்த்தாள். பள்ளத்தாக்குப் பக்கத்துக் கால்கள் மண்ணில் புதைந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

அதற்கு நேர் கீழே முத்தம்மா அத்தையின் களம். அந்த வருடத்துப் புளி முழுவதும் அங்கேதான் சாக்கின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. மகள் கலைவாணியை நர்சிங் படிக்க வைக்க அத்தை அந்தப் புளியைத்தான் நம்பியிருந்தார். தொட்டி உடைந்தால் அத்தனையும் நாசம்.

தேவயானி பிரகாஷிடம் ஓடினாள். அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு வெரல்தானே? அப்பா வந்ததும் சொல்லிக்கலாம், போ."

அத்தையிடம் ஓடினாள். "அத்தை, சீக்கிரம் புளிய எடுங்க! தொட்டி சாயுது!"

"எட்டு மூட்டைப் புளி கண்ணு. கலைவாணியும் வூட்ல இல்ல. நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?" அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

தேவயானிக்கு மாமாமேல் கோபம், பிரகாஷ்மேல் கோபம், அந்தத் தொட்டிமேலும் கோபம். திரும்ப ஓடிவந்து குழாயை வெளியே இழுத்துப் போட்டாள். தொட்டியின் அடைப்பைப் பிடுங்கக் கையை விட்டாள்.

சட்டென்று நிறுத்தினாள். தண்ணீர் வெளியேறும் வாய் களத்தைப் பார்த்து இருந்தது. இப்போது பிடுங்கினால் புளியை நனைத்த புண்ணியம் அவளுக்கே வந்து சேரும்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊற்றுக் குழாயைக் கழற்றி, தொட்டியின் வெளிவாயில் சொருகி, பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினாள். மறுமுனையைப் பக்கத்துச் சரிவில் இருந்த பலாக் கன்றுகளின் பக்கம் இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அடைப்பைப் பிடுங்கினாள்.

"ஐயோ! அப்பா உன்னக் கொல்லப் போறாரு!" என்று பிரகாஷ் ஓடிவந்தான்.

"கொல்லட்டும்!" என்றாள் தேவயானி.

ஜீப் வந்து நின்றபோது தொட்டியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம்.

"யாரு தொறந்தது?" மாமா கத்தினார்.

"நான்தான்!"

"எம் முறை இன்னியோட போச்சே! நாளைக்கு வர்றவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

"காலையிலேர்ந்து சொல்றேன்! ஒரு தடவையாவது குனிஞ்சிப் பாத்தீங்களா மாமா?" தேவயானியின் குரல் உடைந்தது. அழுகை வேறு வந்து தொலைத்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"இன்னாத்தப் பாக்கணும்? கல்லு மாதிரி நிக்குது!" என்று மாமா விறுவிறுவென்று போய் ஓர் இரும்புக் காலைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

கால் அவர் கையோடு வந்துவிட்டது.

தொட்டியின் சுவர் மடங்கியது. மிச்சத் தண்ணீர் குபீரென்று பாய, மாமா சேற்றில் உட்கார்ந்தார். அவருடைய செருப்பு ஒன்று தண்ணீரோடு போய், புளிச் சாக்கின் ஓரத்தில் முட்டி நின்றது. முத்தம்மா அத்தை சாக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது.

மாமா செருப்பைப் பார்த்தார், புளியைப் பார்த்தார். "முழுசா ரொம்பி இருந்தா..." என்று இழுத்தார்.

"ஊருக்கே குழம்பு வெச்சிருக்கலாம் கோவிந்தா" என்றார் அத்தை. பிறகு மேலே ஏறி வந்து தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு எம் முறை. காலையில ஊத்துத் தண்ணிய நீங்க எடுத்துக்குங்க. உனக்காக இல்ல கோவிந்தா, இவளுக்காகக் குடுக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் தொட்டி வீட்டுக்குப் பின்னால் பழைய இடத்துக்கே வந்தது. மாமா மண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்துச் சமமாக்கினார். கால்களை நட்டார். ஆனால் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"நேத்து நான் குனிஞ்சிப் பாத்திருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். "தேவயானி, தண்ணி விடலாமா?"

தேவயானி ரசமட்டத்தை வைத்தாள். குமிழி சமர்த்தாக நடுவில் நின்றது. அடுத்த இடத்தில் வைத்தாள். அங்கேயும் நடுவில்தான்.

"சீக்கிரம் சொல்லுங்க இன்ஜினியரம்மா!" என்றான் பிரகாஷ். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

தேவயானிக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நேற்று முழுக்க அவள் கத்தினாளே, மாமாவும் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒவ்வொரு இரும்புக் காலையும் குனிந்து, தட்டி, நிமிர்ந்து, தொட்டியை நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள்.

அப்புறம்தான், "ம், விடுங்க மாமா" என்றாள்.