ஷட்டர் பக்கம் சிக்னல் இல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நாங்கள் நுழைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லேத் சத்தம் இல்லை, லாரி இல்லை. ராத்திரி முழுக்கக் கொட்டிய ஐப்பசி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. என் கணவன் டில்லிபாபு பைக் ஓட்ட, நான் பின்னால் மடக்கு ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் "ஏணி பத்திரம்" என்றான்.

"பொண்டாட்டி பத்திரம்னு ஒருநாளும் வராதே உன் வாயில" என்றேன்.

"உனுக்குத்தான் வாய் கீதே, பொழச்சிக்குவ. ஏணிக்கு இன்னா வாயா கீது?"

அவன் அப்படித்தான். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்கமாட்டான், தீக்குச்சி உடம்பு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வீட்டை எதிர்த்துக்கொண்டு அவனைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு காலத்தில் ஃபோம் மெத்தை கம்பெனியாக இருந்த நீளமான தகர ஷெட்டை, பார்சல் கம்பெனி ஒன்று குடோனுக்காக எடுத்திருந்தது. ஆட்கள் கையில் ஸ்கேனரோடு நடப்பார்கள். எந்த மூலையில் நின்றாலும் வைஃபை எட்டவேண்டும். எங்கே எத்தனை வைஃபை பெட்டி மாட்டவேண்டும் என்று பார்த்துச் சொல்லி, மாட்டியும் கொடுப்பது எங்கள் தொழில். அவன் ஏணியில், நான் லேப்டாப்பில்.

மேனேஜர் ஜெகதீஷ் சாவியோடு காத்திருந்தார். "நாலு பாக்ஸ் எதுக்கு மேடம்? நடுவுல ஒண்ணு, நல்ல பவர்ஃபுல்லா போட்டுடுங்க."

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டிக்குத் தொண்டை பெரிது, ஸ்கேனருக்குச் சின்னது. பெட்டியை எவ்வளவு கத்தவைத்தாலும், தூரத்து ஸ்கேனருக்கு அது கேட்குமே தவிர, ஸ்கேனர் சொல்லும் பதில் பெட்டிக்கு வந்துசேராது. அதனால்தான் கிட்டக் கிட்டச் சின்னப் பெட்டிகளாக மாட்டுகிறோம். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன். "ஒண்ணு போதும் மேடம்" என்று அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வாட்ச்மேன் வீராசாமி கேட்டருகே மழையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஷெட் வாசலைத் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டார். லைட் ஸ்விட்ச் எங்கே என்றால் கையைக் காட்டினார். வேறெது கேட்டாலும் கழுத்தில் தொங்கிய விசிலை மெல்ல ஊதினார்.

"இன்னா அண்ணாத்தே, மௌன விரதமா?" என்று டில்லி கிண்டலடித்தான்.

அவர் சிரிக்கவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

டில்லி நடு உத்திரத்தில் பெட்டியை மாட்டினான். நான் லேப்டாப்பைக் கையில் ஏந்தி, காலி ரேக்குகளுக்கு நடுவே நடந்து சிக்னல் பார்த்தேன். பாதி ஷெட் வரை பழுதில்லை. பின்பக்கம், பூட்டிக்கிடந்த ஷட்டரை நெருங்கியதும் சுத்தமாகப் படுத்துவிட்டது.

சுவர் இருந்தால் சிக்னல் குறையும், இரும்பு இருந்தால் குறையும். அங்கே சிக்னலை மறிக்க இரண்டும் இல்லை, வெறும் தரைதான். அந்த மாதிரிக் குறைவை நான் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்த நேரத்தில். மனித உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர், தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். கூட்டம் சேரச் சேர வைஃபை படுக்கும்.

இங்கே நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஷட்டர் பக்கம் ஒண்ணுமே இல்லய்யா" என்று கத்தினேன்.

"ஃபுல் பவர் வெச்சுட்டு வா. முடிச்சுக் குடுத்துட்டுப் போய்கினே இருப்போம்."

எனக்கு மனசில்லை. ஆனாலும் வைத்தேன்.

டில்லி கல்யாணத்துக்கு முன்பு மைக்செட் கடையில் இருந்தவன். எதை ஆன் செய்தாலும், தூரத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தே தீருவான். அன்றைக்கும் ஏணியின் உச்சியில் நின்று, ஷட்டரைப் பார்த்துக் கை குவித்தான்.

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

தகரத்தில் பட்டு அது திரும்பிவந்தது. ஈரத்தில் கருகிய ஸ்பாஞ்சின் வாடை லேசாக வந்தது.

லேப்டாப்பைப் பார்த்தேன். ஷட்டர் பக்கம் சிக்னல் ஏறியிருந்தது. அப்பாடா என்று அவனை நோக்கி நடந்தேன். நாலு எட்டு வைத்ததும் மறுபடி விழுந்தது, இந்த முறை ஷெட்டின் நடுவில். நின்றேன். நின்ற இடத்தில் சிக்னல் வந்தது. நடந்தால் விழுந்தது.

அது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

ஏணியை நோக்கி.

"போதும் எழிலு, ஏணிய உடு. எறங்கணும்" என்றான் டில்லி, கீழே பார்க்காமலே.

நான் ஏணியைப் பிடித்திருக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ரேக் இருந்தது.

"யோவ், எறங்காத!" என்று அலறினேன்.

அதற்குள் இறங்கிவிட்டான். கடைசிப் படியிலிருந்து கால் எடுத்தவன், நெரிசலில் மாட்டியவன்போல் தோளைக் குறுக்கிக்கொண்டான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

ஒரு சத்தமும் வரவில்லை.

அவனைக் கேட்டுக்கு இழுத்துவந்தபோது வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"மெத்தை கம்பெனி தீப்புடிச்ச அன்னிக்கு அந்த ஷட்டரு பூட்டிகினு இருந்துச்சும்மா. வேலை செய்றவங்க டீ குடிக்கப் பூடுவாங்கன்னு ஓனரு பூட்டி வெச்சிருந்தாரு. அல்லாரும் அங்கியே நின்னுகினு போன் போட்டிருக்காங்க. தகர ஷெட்டுல சிக்னல் ஏது? கத்திகினே செத்துப் பூட்டாங்க. அவுங்ககிட்ட பேச்சு குடுக்கக் கூடாதும்மா. இவுரு கேக்குதான்னு வேற கேட்டுட்டாரே."

ஆவடியில் டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் பேசுவது டில்லிக்குக் கேட்டது. ஒரு பேப்பரைக் கொடுத்தேன்.

"பேசிகினுதான் கீறேன். உனுக்குக் கேக்கலயா?" என்று எழுதினான்.

அதற்குப் பிறகு எழுதவும் மறுத்துவிட்டான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு இரண்டே ரூம். அவன் இருக்கும் ரூமில் வைஃபை செத்துப்போனது. லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பார்த்தேன், அதே கல்யாண மண்டபக் கூட்டம். ஒரு தீக்குச்சி உடம்பால் அவ்வளவு சிக்னலைக் குடிக்க முடியாது. அவன் பக்கத்தில் படுத்தால், நாலு பேருக்கு நடுவே படுத்ததுபோல் புழுக்கமாக இருந்தது. அழுகையாக வந்தது. அழுதால் அவன் என் கன்னத்தைத் துடைத்து என்னவோ சொல்லுவான், அது என்ன என்றுதான் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நான் பேசுவது அவனுக்குக் கேட்கிறது, அவன் பதில்தான் அந்த ஷட்டர் பக்கமிருந்து வந்துசேரவில்லை. இதற்கு என்ன செய்யவேண்டும் என்று ஜெகதீஷிடம் நானே சொன்னேனே. கிட்டப் போய் இன்னொரு பெட்டி மாட்டவேண்டும்.

மறு ஞாயிறு டில்லியைக் கட்டிலில் விட்டுவிட்டு, வீட்டிலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். வீராசாமி கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார், நான் கேட்கவில்லை. நானே ஏணியில் ஏறி, ஷட்டருக்கு நேர்மேலே மாட்டி, பவரைக் குறைத்து வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"எழிலு, வந்துட்டியா? எவ்ளோ நேரமா கூப்டுகினு கீறேன்."

டில்லியின் குரல். ஒரு வாரமாகக் கேட்காத குரல். சந்தோஷத்தில் ஏணியிலிருந்து தடதடவென்று இறங்கினேன்.

"வாய்யா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"எப்டி வர்றது? ஷட்டரு பூட்டிகினு கீதே."

ஓடிப்போய் வீராசாமியிடம் சாவியைப் பிடுங்கிவந்து, துருப்பிடித்த பூட்டை உடைக்காத குறையாகத் திறந்தேன். ஷட்டரைத் தூக்கினேன். பின்னால் செங்கல் சுவர். தீ விபத்துக்குப் பிறகு எழுப்பியது.

"தொறந்துட்டேன்யா, வா."

"எங்க தொறந்த? இன்னும் பூட்டிகினுதான் கீது, எழிலு. சூடு தாங்கல."

அவன் குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அக்கா, உனக்குக் கேக்குதா? எங்கூட்டுக்கு ஒரு போன் போட்டு சொல்லுக்கா." அடுத்து இன்னொரு குரல். பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும்.

வாசலில் வீராசாமி விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். பேசாதே என்கிறார், புரிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளே அவன் "எழிலு, எழிலு" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் எப்படிப் பேசாமல் இருப்பேன்?

"கேக்குது" என்றேன். "எல்லாருக்கும் சொல்றேன், கேக்குது, கேக்குது."

வீராசாமிதான் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துப்போட்டார். மறுநாளே ஜெகதீஷ் இரண்டு பெட்டியையும் கழற்றச் சொல்லிவிட்டார். ஷெட்டைக் காலிசெய்கிறார்களாம், கேட்டுக்குப் பூட்டு போட்டாகிவிட்டது.

வீட்டில் டில்லி இப்போது உதட்டை அசைப்பதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நான் சோறு ஊட்டினால் சாப்பிடுகிறான். கூப்பிட்டால் திரும்புவான், அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. இன்று காலை கூப்பிட்டேன், திரும்பவில்லை.

பயந்துபோய்க் கதவைத் திறந்து, எதிர்வீட்டு சாவித்திரி அக்காவைக் கூப்பிட்டேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டு, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது, வந்து பாருங்கள் என்று கத்தினேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா எழிலு, வாய் மட்டும் அசையுது? பேசேன்."

நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.