மூன்றாவது கம்பெனி

மூன்றாவது கம்பெனியில் போன் அடிக்கவே இல்லை. பஞ்சாலை கடைசி எண்ணை அழுத்தி விரலை எடுப்பதற்குள் "சொல்லுங்கம்மா" என்று ஓர் ஆண்குரல் வந்துவிட்டது. முதல் நாள் அவளுக்கு அதில் சந்தோஷம்தான். மற்ற இரண்டு கம்பெனிகளிடம் பட்ட பாட்டுக்கு, அந்தப் பெயருக்கு நேரே கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டாள்.

தோட்டத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டிருந்தது. தொண்ணூற்றேழாம் வருஷத்தில், கோலா பிலா பக்கத்து எண்ணெய் தரும் செம்பனைக் காட்டை யார் கம்ப்யூட்டரில் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெப்சைட்டைத் தன் மெஷினில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியைத் தேடும் வேலை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான பஞ்சாலையின் தலையில் விழுந்தது. மேனேஜர் விசுவநாதன் வழி சொல்லிக்கொடுத்தார்.

"விக்கிறவரைக்கும் எல்லாரும் இனிக்க இனிக்கத்தான் பேசுவான் லா. நீ உதவிக்குன்னு போட்டிருக்கிற நம்பருக்கு அடி. எத்தனை மணி அடிச்சதும் எடுக்கிறான், மனுசன் எடுக்கிறானா மெஷின் எடுக்குதா, தெரியாததைத் தெரியலன்னு ஒத்துக்கிறானா, அதைப் பாரு. மூணு நாள், வேற வேற நேரத்துல."

முதல் கம்பெனி பதினோரு நிமிஷம் ஒரே பாட்டைப் போட்டுக் காதைத் தின்றது. இரண்டாவதில் ஒரு பெண் தேனாகப் பேசினாள், திருப்பிக் கூப்பிடுவதாகச் சொன்னாள், அதோடு சரி. மூன்றாவதில் மட்டும் காத்திருக்கவே வேண்டியதில்லை. அதுவும் கோலாலம்பூர் கம்பெனிக்காரன் சுத்தமான தோட்டத்துத் தமிழில் பேசினான். எப்படித் தமிழில் எடுத்தான் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கே ஆபீசில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை ஒரு மாதமாகத் தோட்டத்தின்மேல் படுத்துக்கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளியிருந்த கொடிக்கம்பம் தெரியவில்லை, பறவைச் சத்தம் இல்லை, ஈரச்சாக்கு எரிவதுபோன்ற வாடை மூடிய கதவின் இடுக்கு வழியே வந்து மேஜை, காகிதம், அவள் சேலை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவள் போகவில்லை. அவள் வீட்டில் போன் கிடையாது.

தம்பி அர்ச்சுனன் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டெங்கி. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் அவன் பெண்சாதி மங்கம்மா அங்கே இருந்தாள். ஏதாவது என்றால் ஆபீசின் பழைய கறுப்புப் போனுக்கு அடிப்பதாகச் சொல்லியிருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு பஞ்சாலை தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனை விட்டால் அவளுக்கு யாருமில்லை. கறுப்புப் போனையே வெறித்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான், பக்கத்திலிருந்த புதுப் போனை எடுத்து மூன்றாவது கம்பெனிக்குக் கடைசித் தடவையாக அடித்தாள்.

"சொல்லுங்கம்மா."

"ராத்திரியில மெஷின் நின்னுபோனா யாரு பாப்பாங்க?"

"நாங்க எல்லாரும் இங்கதாம்மா இருக்கோம். எங்கயும் போறதில்ல. செத்த இருங்க, பெரட்டு எடுத்துட்டு வந்துடறேன்."

பெரட்டு. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கம்பெனியில் எதற்குப் பெரட்டு?

பாட்டு எதுவும் வரவில்லை. திறந்த வெளியின் இரைச்சல் கேட்டது. பூச்சிகள், வாளிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம், ஈர மண்ணில் நிறையக் கால்கள். போனின் வாயிலிருந்து ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துப் பத்து வருஷமாகிறது.

"வள்ளியம்மா."

"இருக்கேங்கையா."

"மாரியம்மா."

"இருக்கேங்கையா."

மாரியம்மா மின்னல் விழுந்து செத்தவள். கூப்பிடுகிற குரலும் இப்போது புரிந்தது. ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் மணியம். போன வருஷம் அவர் கருமாதிக்கு இவள் போயிருந்தாள்.

"ராக்கம்மா."

"இருக்கேங்கையா."

ராக்கம்மாவைப் புதைத்துப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. போனை வை என்று மனசு கத்தியது. கை கேட்கவில்லை.

"அர்ச்சுனன்."

பதில் இல்லை.

பூச்சிகள் மட்டும்.

"அர்ச்சுனன்."

பதில் இல்லை.

ரப்பர் பால் வெட்டிய காலத்தில் தோட்டத்தில் எல்லாரும் செய்த காரியம் ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் பெரட்டுக்குப் பிந்திவிட்டால், வரிசையில் நிற்கும் இன்னொருவர் அவர் பின்னால் வருவதாகக் குரல் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் தடவைக்கும் குரல் வராவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, வேலை கிடையாது. அப்போது பால் வெட்டிய பஞ்சாலை தூங்குமூஞ்சித் தம்பிக்காக எத்தனை விடியலில் கத்தியிருப்பாள்! யோசித்துச் செய்கிற காரியமா அது?

"அர்ச்சுனன்."

"பின்னால வர்றான்யா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பதில் இல்லாமல் இருந்தது நல்லது. அவன் அங்கே இல்லை என்று அர்த்தம். அவன் இங்கே இருந்தான். உயிரோடு.

"சரி, எழுதிக்கிட்டேன்" என்றார் மண்டோர்.

"இல்லைங்கையா! பேரை அடிச்சிடுங்க! தெரியாம சொல்லிட்டேன்!"

கறுப்புப் போன் அடித்தது.

இடது கையால் எடுத்தாள். வலது காதில் பூச்சிகள் இரைந்துகொண்டே இருந்தன.

"அண்ணி..." மங்கம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. "இப்பதான் கண்ணைத் தொறந்தாரு அண்ணி. சட்டுன்னு எந்திரிச்சு உக்காந்தாரு. அக்கா கத்துது, லேட்டாயிருச்சுன்னு சொன்னாரு. அவ்வளவுதான் அண்ணி. சாஞ்சிட்டாரு. அவ்வளவுதான்."

வலது காதில் யாரோ ஓடி வந்தார்கள். வெறுங்கால். மூச்சிரைப்பு.

"வந்துட்டேங்கையா."

அவன் குரல். தம்பி என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

"பஞ்சாலை."

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பஞ்சாலை."

ரத்தம் உப்புக் கரித்தது. மூச்சையும் அடக்கினாள். இடது காதில் மங்கம்மா "அண்ணி, அண்ணி" என்று அழுதாள். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

"பஞ்சாலை."

இல்லை. நான் இல்லை. நான் அங்கே இல்லை.

அப்போது அர்ச்சுனன், அக்காவுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற அவசரத்தில், பாசமாக, உரக்கச் சொன்னான்.

"அக்கா பின்னால வருதுங்கையா."

பென்சில் காகிதத்தில் உரசுவது கேட்டது.