எல்ட்பியோர்க்கின் பெட்டி

எல்ட்பியோர்க் நெஸ் என்ற கிழவி இறந்து, அவள் வீட்டை ஹல்வார் வாங்கிக் குடியேறிய பிறகும், அவள் பெயருக்கான கான்டாக்ட் லென்ஸ் மாதச் சந்தாவாக அவன் தபால் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. வடதுருவத்தை ஒட்டிய த்ரொம்சோ ஊரில் பனி கொட்டிய அன்று அந்த அட்டைப்பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அதுவரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததைப் போல.

செத்தவளுக்குக் கண் அனுப்பும் கம்பெனியின் புத்தியை நினைத்து உதட்டைப் பிதுக்கியபடி, பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனான். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல அவன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. இந்தச் சனியனைத் தொலைக்கத்தான் வந்திருந்தான்.

கண் பார்க்கும் தொருன், பரிசோதனை முடிந்ததும் விரல்நுனியில் ஒரு லென்ஸை ஏந்திக் காட்டினாள்.

"இவ்வளவுதானா? மீன் செதிலாட்டம் இருக்கு."

"தினசரி கழட்டிப் போடுறதும் இருக்கு, மாசம் பூரா வச்சுக்குறதும் இருக்கு. முதல்ல இதைப் போட்டுப் பாருங்க. கண்ணு ஏத்துக்குதான்னு பாத்துட்டு வாங்கலாம்."

"ஏத்துக்க அது என்ன மாமியாராம்மா? பவரை மட்டும் சொல்லு."

சொன்னாள். பையிலிருந்த பெட்டியிலும் அதே பவர். அவன் கெக்கலித்துக்கொண்டு அதை அவள் முன் ஆட்டினான். "ஓசியிலயே வருது, பாரு!"

தொருன் பெயரைப் படித்தாள். முகம் மாறியது.

"இன்னொருத்தர் லென்ஸைப் போடாதீங்க. அதுவும் இந்தம்மாவோடதை."

"ஏன், வந்து கேப்பாளா?"

"கேட்டா குடுத்துடுங்க." அவள் சிரிக்கவில்லை.

பேய்க்குப் பயப்படும் படித்த முட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அங்கிருந்த கண்ணாடி முன் நின்றே அவற்றை மாட்டிக்கொண்டான். தெருவுக்கு வந்தான். சூரியன் தலைகாட்டாத மாதம். நண்பகல் இருட்டிலும் ஒவ்வொரு ஜன்னல் விளக்கும், விளக்குக்குப் பின்னால் வாயசைத்துத் தின்னும் ஒவ்வொரு முகமும் துல்லியமாகத் தெரிந்தன. எல்லாமே அற்பம்.

நாலு மணிக்கு வீட்டில் அவித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்றான். லென்ஸைக் கழற்றி, குளியலறையில் மருந்துத் தண்ணீர்க் கிண்ணங்களில் போட்டு மூடிவிட்டு, ஊரே போடும் சாப்பாட்டுத் தூக்கத்துக்காக சோபாவில் சாய்ந்தான். மீன் வாடை. கூரையிலிருந்து பனி சரியும் பொத்தென்ற ஓசை. கண்ணை மூடினான்.

இருட்டு வரவில்லை. வெள்ளையாக, வட்டமாக, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் ஏதோ அலைந்தது. லென்ஸ் கிண்ணத்து மூடியின் உட்புறம்.

கண்ணைத் திறந்தான். அதே மூடிதான். கையை முகத்துக்கு நேரே ஆட்டினான். கை தெரியவில்லை.

அவன் பார்வை குளியலறையில் கிடந்தது.

மூடி திருகும் சத்தம், சுவருக்கு அந்தப்பக்கம். மெதுவாக. பழகிய கை.

வெளிச்சம். குளியலறை விளக்கு. அதை மறைத்துக் குனிந்த ஒரு கிழமுகம், கண்குழிகள் வெறுமையாக. கீழே இறங்கும் விரல். ஈரம். தொடுதல்.

பார்வை மேலே எழுந்தது. ஆடியது. அந்தக் கண்குழிகளுக்குள் போய் நிலைத்தது.

கதவு. நடைவழி. தரை விரிப்பு.

"எடுத்துக்க..." என்றான் ஹல்வார். "உன்னோடதுதான். எடுத்துக்க."

நிற்கவில்லை. சோபா நெருங்கியது. அதில் ஒருவன் சுருண்டு கிடந்தான்.

"இவ்வளவுதானா?" என்றது, அவன் தலைக்கு மேல் ஒரு குரல்.

அவன் கண்கள் அகலத் திறந்திருந்தன. வெந்த மீனின் கண்களைப் போல, முழு வெள்ளையாக.