குழாயில் இருந்த ஒரு வரி

சனிக்கிழமை, காலை 9:10. கிழக்குக் கென்டக்கி. ஓபல் ஸ்டாம்பர் வீட்டின் பின்ஜன்னல் உடைந்து கிடந்தது. மறைந்த கணவர் லெஸ்டரின் மான் வேட்டைத் துப்பாக்கியைக் காணவில்லை.

11:40. கண்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை. தேடி வந்த துணை ஷெரீப் லொரெட்டா கோம்ப்ஸின் கண்ணில் டூவி ஃபுகேட் பட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டிய பேருந்தில்தான் லொரெட்டாவே படிக்கப் போனாள். கையில் அதே ரகத் துப்பாக்கி!

"கால் மணி நேரம் ஆச்சு வாங்கி. என் பொண்ணோட முதல் மான் சீசனுக்கு!" டூவிக்கு வாயெல்லாம் பல். "இங்க பாரேன், சுடறதுக்கு முன்னாடி கையேட்டைப் படிங்கன்னு துப்பாக்கிக் குழாய்லயே பொறிச்சிருக்கான். என் பொண்டாட்டியே இவ்வளவு புத்தி சொல்ல மாட்டா!"

லொரெட்டா வாங்கித் திருப்பினாள். வரிசை எண் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"நம்பர் எங்கண்ணே?"

டூவிக்கு முகம் வெளுத்தது. வரிசை எண்ணை அரத்தால் ராவி அழித்த துப்பாக்கியை வைத்திருந்தால் சிறை. பேருந்து வேலையும் போய்விடும்.

அதை விற்ற கார்லண்ட் நோபிள் மேசைக்குப் பின்னாலிருந்து சிரித்தான். "பயப்படாதேப்பா. தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுக்கு முந்தின சரக்கு. அப்ப நம்பர் போட்டே ஆகணும்னு சட்டம் இல்ல. எங்க சித்தப்பா அறுபத்தொண்ணுல புதுசா வாங்கினது."

சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னான். அந்தத் திடலில் எண்ணில்லாத பழைய துப்பாக்கிகள் குறைந்தது பத்து இருக்கும், எல்லாம் சட்டப்படி சுத்தமானவை.

"டூவி அண்ணன் ராவியிருப்பாரோ?" லொரெட்டா கேட்டாள்.

"சேச்சே! என்கிட்ட இருந்தப்பவே வழவழதான். செஞ்ச நாள்லேந்து நம்பரே கிடையாது. சத்தியம்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"பைபிள் கொண்டா, அடிச்சுச் சொல்றேன்!"

11:52. லொரெட்டா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு நெருங்கினார்கள்.

"கையேட்டைப் படின்னு குழாய்ல பொறிக்க ஆரம்பிச்சது எப்ப தெரியுமா? கம்பெனிங்க மேல கேஸா விழுந்து, வக்கீலுங்க எழுத வெச்சப்ப. எழுபதுகளோட கடைசியில. உன் சித்தப்பா அறுபத்தொண்ணுல எப்படிடா வாங்கினாரு?"

கார்லண்ட் மேசையை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"அறுபத்தெட்டுக்கு அப்புறம் கம்பெனியில செஞ்சா நம்பர் இருந்தே ஆகணும். அப்போ யாரோ ராவியிருக்காங்க. உன்கிட்ட இருந்தப்பவே வழவழன்னு நீயே சத்தியம் பண்ணிட்ட."

துப்பாக்கியின் மரக்கட்டை முனையில் இருந்த தகட்டை அவள் திருகிக் கழற்றினாள். இந்த ஊர் வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான்: உள்ளே மடித்த பெயர்ச்சீட்டு. லெஸ்டர் ஸ்டாம்பர்.

டூவி புல்தரையிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தார்.

லொரெட்டா கைவிலங்கை எடுத்தாள். "ராவறதுக்கு முன்னாடி அந்த வரியை நீயும் ஒரு தடவை படிச்சிருக்கலாம், கார்லண்ட்."