பனைத்தீவு: ஆறாம் பாகம்

புதுநாகையில் எல்லாரையும் ஒரே நாய்தான் கடித்திருந்தது. அதே தெரு, அதே செவலை நாய், அதே இடது கெண்டைக்கால். சாப்பாட்டுக்கூடத்தில் யாராவது பேச்சுவாக்கில், "சின்ன வயசுல என்னை ஒரு நாய் கடிச்சுது பாருங்க" என்று ஆரம்பித்தால் போதும், எதிரே இருப்பவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அட, என்னையுந்தான்!" என்பார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்தக் கூடத்தில் ஒருவர்கூட நாயை நேரில் பார்த்ததில்லை. வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ நிலவில், பனிக்கட்டிக்கு அடியில் குடைந்த ஊரில், நாய் ஏது?

விஷயம் இதுதான். புதுநாகைக்கு ஆள் ஏற்றி வந்தது மலிவான கப்பல், மெதுவாகத்தான் போகும். வளர்ந்தவர்களை ஏற்றினால் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆயுள் போய்விடும் என்று கருக்களை ஏற்றினார்கள். அவை தொட்டிகளில் தூங்கியபடியே வளர்ந்து, வந்திறங்கும்போது இருபது வயது ஆண்களாகவும் பெண்களாகவும் கண் விழித்தன. வாலிபம் வந்துவிட்டது, பால்யம் இல்லை. பால்யம் இல்லாத ஆள் ஒழுங்காக வேலை செய்யமாட்டான் என்று மனநல நிபுணர்கள் சொன்னதால், விழிக்கும் முன்பே ஒவ்வொரு மூளையிலும் ஒரு 'பால்யப் பொதி' இறக்கப்பட்டது. ஆளுக்கொன்று எழுத யாருக்கு நேரம்? நாலாயிரம் பேருக்கும் ஒரே பொதிதான், பள்ளிக்கூடச் சீருடை மாதிரி.

இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? பொய்ப்பல் கட்டியவரும் முறுக்கு கடிக்கத்தானே செய்கிறார்.

அந்தப் பொதியிலேயே மிகவும் தித்திப்பானது கோடை விடுமுறை. கோடை விடுமுறையில் மிகவும் தித்திப்பானது 'பனைத்தீவு' என்ற கணினி விளையாட்டு. மாமா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்துகொண்டு விளையாடியது. மொத்தம் ஐந்து பாகம். பால்யம் பொய்யென்றாலும் இந்த விளையாட்டு பூமியில் நிஜமாகவே இருந்தது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பெயரைச் சொன்னாலே புதுநாகைக்காரர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

தொண்டை அடைத்ததோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. ஊருக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நோய் பரவியது. பனிக்கட்டி வெட்டு, உருக்கு, குடி, தூங்கு என்று நாள் போக, "என்ன வாழ்க்கை இது? அந்தக் காலம் மாதிரி வருமா?" என்று ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு முற்றியவர்கள் 'மறுதுயில்' கேட்டார்கள். அதாவது, அடுத்த கப்பல் வரும்வரை இருபத்திரண்டு வருடம் உறைபெட்டிக்குள் படுத்துக்கொள்வது. வயது ஏறாது. அடுத்த கப்பலில் நல்லது ஏதாவது வரும் என்று ஒரு நம்பிக்கை, இக்கரைக்கு அக்கரை பச்சை. தூங்குகிறவன் சோறு கேட்கமாட்டான் என்று ஆட்சிக்குழு முதலில் மகிழ்ச்சியோடு அனுமதி தந்தது. பிறகு தண்ணீர் ஆலை ஓட்ட ஆள் குறைந்தபோது விழித்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் தூங்கலாம், மற்றவர் விழித்திருந்து வேலை பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

அஞ்சுகத்தின் வீட்டில் தூங்கப்போவது யார் என்ற கேள்வியே எழவில்லை. அவள் கணவன் சௌரிராஜன் முந்திக்கொண்டான்.

"மனு போட்டுட்டேன், அஞ்சு" என்றான், ஏதோ சட்டை தைக்கக் கொடுத்ததுபோல.

"ஏங்க, நீங்க எந்திரிக்கிறப்போ நான் கெழவியாயிருப்பேன். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். மனசு ஒட்ட மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

அவன் கெட்டவன் இல்லை. குரலை உயர்த்தியவன்கூட இல்லை. அதனால்தான் அவளுக்குச் சண்டை போடக்கூட ஒரு பிடி கிடைக்கவில்லை.

அந்த வாரம் பொழுதுபோக்கு அதிகாரி நாகூர்கனி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அஞ்சுகத்துக்கு வேலை, பனி துளைக்கும் எந்திரத்தை ஓட்டப் பழகுபவர்களுக்கு எந்திரம் போலவே திரையில் ஓடும் பயிற்சிகளைச் செய்வது. ஊரில் விளையாட்டுக்குக் கிட்டத்தில் இருந்த தொழில் அது ஒன்றுதான்.

"தங்கச்சி, பனைத்தீவு ஆறாம் பாகம் கொண்டு வரணும். இன்னிக்கித் தேதியில அது ஒண்ணுதான் இந்த ஜனங்களை முழிச்சிருக்க வைக்கும்" என்றார் அவர். "ஒங்க வீட்டுக்காரர் மனுவையும் அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்."

அஞ்சுகம் வேறு எதையும் யோசிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். சௌரிராஜனும், "அப்படியா! ஆறாம் பாகமா?" என்று எழுந்து உட்கார்ந்தான். பல மாதங்களில் அவன் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தாள்.

புதுப்பிக்க வேண்டுமென்றால் பழையது வேண்டும். ஊர்க் களஞ்சியத்தில் தேடினாள், இல்லை. பூமிக்குக் கேட்டெழுதினாள். பூமிக்குச் செய்தி முக்கால் மணியில் போய்விடும், அங்குள்ள அலுவலகத்தில் மேசைக்கு மேசை மாற மூன்று மாதம் ஆனது. அப்படி ஒரு விளையாட்டு எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. சரி, நினைவிலிருந்தே கட்டுவோம் என்று ஊராரை விசாரித்தாள். படகு சிவப்பு என்றார் ஒருவர். நீலம் என்றார் இன்னொருவர். படகே கிடையாது, கட்டுமரம் என்று மூன்றாமவர் அடிக்க வந்தார். கதாநாயகன் மீனவன், இல்லை அது ஒரு பெண், பெண்ணும் இல்லை ஒரு குரங்கு. எல்லாரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: மூன்றாம் பாகத்துக்கு ஈடு இணை கிடையாது.

வீட்டுக்கு வந்து தன் நினைவையே தோண்டிப் பார்த்தாள். கண்ணை மூடியதும் தித்திப்பு வந்தது, கோடை வெயில் வந்தது, யாருடைய மடியோ வந்தது. திரையில் என்ன ஓடியது என்று பார்க்கப் போனால் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மரியசூசையின் ஞாபகம் வந்தது. கப்பலை ஓட்டிவந்த சில பெரியவர்களில் மிச்சமிருந்தவர். பால்யப் பொதி எழுதியவர்களில் ஒருவர். இப்போது காளான் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பனைத்தீவோட மூலம் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லம்மா." அவர் காளான் பறிப்பதை நிறுத்தவில்லை. "கோடை லீவுல ஒரு எடம் காலியா கெடந்துச்சு. சாப்பாட்டு மணி வேற அடிச்சிருச்சு. 'பனைத்தீவுன்னு ஒரு வெளையாட்டு, அஞ்சு பாகம், முடிக்கையில அழுவை வரும், மூணாவது ரொம்ப ஒசத்தி'ன்னு எழுதிப்புட்டு சாப்பிடப் போயிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சந்தோஷத்தை மட்டும் தூவிவுட்டா போதும். மிச்சத்தை மண்டை தானா கட்டிக்கும். அதாம்மா எங்க தொழில்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அஞ்சுகம் அங்கேயே ஒரு கூடைமேல் உட்கார்ந்தாள். மரியசூசை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து மெல்லச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. நீ என்னதான் செஞ்சாலும் அந்த மூணாம் பாகத்தைத் தொட முடியாது, பாத்துக்க."

"ஐயா! இப்பத்தானே நீங்களே இல்லைன்னீங்க?"

"பொதி சரியா எறங்குதான்னு மொதல்ல எனக்குத்தானே போட்டுப் பாத்தோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொட்டகையிலிருந்து திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகையாக வந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அவளுக்குள்ளும் அந்தத் தித்திப்பு அப்படியே இருந்தது. இல்லாத ஒன்றோடு போட்டி போட்டு எவள் ஜெயிப்பாள்? ஆனால் தோற்றால் சௌரிராஜன் பெட்டிக்குள் போய்விடுவான். எனவே செய்தாள்.

பழையதைத் தேடுவதை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த வரையில் நல்லதாகவே ஒன்று செய்தாள். கடல் ஏறிவரும் தீவு. அது மூழ்குவதற்குள் அங்கிருப்பவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். எல்லாருக்கும் இடம் போதாது. யாரை ஏற்றுவது, யாரிடம் அடுத்த முறை வருகிறேன் என்று பொய் சொல்வது என்பதுதான் ஆட்டம். பனைமரங்கள் காற்றில் ஆடுவதற்கே பல வாரம் செலவழித்தாள். இதைச் சொல்கிற நான் ஓரவஞ்சனையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல விளையாட்டு அது.

வெளியான அன்று கூடம் நிரம்பி வழிந்தது. மறுநாள் ஊர் வாய் திறந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? படகு தப்பு. கடல் தப்பு. இசையில் உயிர் இல்லை. மூன்றாம் பாகத்தில் அந்தக் கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதன் கால்தூசிக்கு ஆகுமா இது? என் பால்யத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் மேசைமேல் ஏறி நின்று அழுதார்.

அஞ்சுகத்துக்குப் பொறுக்கவில்லை. அவளும் எழுந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பழைய பனைத்தீவுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. மூணாம் பாகமும் கெடையாது. சாப்பாட்டு மணி அடிச்ச அவசரத்துல ஒருத்தர் எழுதின ஒத்தை வரி அது. வேணும்னா போய் மரியசூசை ஐயாவைக் கேளுங்க!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அதானே பாத்தேன்! பழசை வெளையாடியே பாக்காதவங்க கையில குடுத்தா வேற எப்படி இருக்கும்?"

பலமாகக் கைதட்டினார்கள். நாகூர்கனி தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவளுக்கு இன்னும் ஒரே ஒருவர் மிச்சம். சௌரிராஜன் தினமும் வேலை முடிந்து வந்து விளையாடினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் படகில் ஏற்றிய ஆடு துடுப்புக் கயிற்றைத் தின்றுவிட, வாய்விட்டுச் சிரித்தான். இன்னொரு நாள், கரையில் விட்டுவந்த கிழவர் கையாட்டியபோது படகை மறுபடி கரைக்குத் திருப்பப் பார்த்தான். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசித் தீவும் முடிந்த அன்று அவன் விளையாட்டுக் கையுறையைக் கழற்றி மெதுவாக மடித்து வைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு, அஞ்சு. ஒன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனா அது வரலை."

"எது வரலை? சொல்லுங்க, மாத்திடறேன்."

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"அன்னிக்கி சிரிச்சீங்களே?"

"சிரிச்சேனா?" அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். ஞாபகம் இல்லை.

"எனக்காக முழிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேவிட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மனு மறுபடி நகர்ந்தது. பெட்டி மூடும்போது அவன் முகத்தில் ஊருக்குக் கிளம்புகிறவனின் சந்தோஷம் இருந்தது. அவள் பெட்டியின் மேல்கண்ணாடியைக் கையால் தடவிவிட்டு, தண்ணீர் ஆலைக்கு வேலைக்குப் போனாள்.

இருபத்திரண்டு வருடம் என்று சொல்லிவிடலாம், வாழ்ந்தால்தான் தெரியும். விழித்திருந்தவர்கள் இரண்டு ஆள் வேலையை ஓர் ஆளாகச் செய்தார்கள். ஆறாம் பாகத்தை யாரும் சீண்டவில்லை. அஞ்சுகத்துக்குத் தலை நரைத்தது, முட்டி தேய்ந்தது. வாரம் ஒருமுறை பெட்டியருகே போய் நின்று, முப்பத்தைந்து வயதிலேயே நின்றுவிட்ட அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். ஊர்க்கதை சொல்வாள். கேட்காது என்று தெரிந்தும் சொல்வாள்.

உறைபெட்டியைப் பற்றி நிபுணர்களுக்கே அப்போது தெரியாத ஒரு சங்கதி இருந்தது. உடம்புதான் உறையும். மூளையின் ஒரு மூலை மட்டும் கடைசியாகப் பார்த்தவற்றை வருடக்கணக்கில் அசைபோட்டுக்கொண்டே இருக்கும். அசைபோட அசைபோடக் கசப்பெல்லாம் கரைந்து சக்கை போய்ச் சாறு மட்டும் தங்கும். மரியசூசை மண்டையில் தூவிச் செய்த அதே வேலையை இங்கே குளிர் செய்தது.

கப்பல் வந்தது. பெட்டிகள் திறந்தன. கப்பலில் பூமியின் புத்தம்புது விளையாட்டுகள் வந்திருந்தன. எழுந்தவர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கால் ஊன்றி நிற்கத் தெரிந்ததும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஆறாம் பாகம் இருக்கா?"

கூடத்தில் நெரிசல். அன்று மேசைமேல் ஏறி அழுதவர், இன்று வரிசையில் முதலாவதாக நின்று அழுதார். பனைமரம் ஆடுவதைப் பார்த்தே சிலர் விம்மினார்கள். ஊன்றுகோலோடு வந்த நாகூர்கனி அஞ்சுகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். "ஜெயிச்சிட்டோம் தங்கச்சி! ஏழாம் பாகம் ஆரம்பிச்சிரலாமா?" என்றார். அஞ்சுகம் சிரித்தாள். அவள் கண் கூட்டத்தில் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தது.

சௌரிராஜன் கையுறையோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "வாங்க" என்றான். பிறகு யாரென்று புரிந்து கூசிப்போய், "வா, அஞ்சு. உக்காரு" என்றான். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் திரைக்குத் திரும்பினான்.

படகு தீவை நெருங்கியது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பெட்டிக்குள் போகும்முன் இருந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான்: வேலை விட்டு வருவது, இந்தத் திரை, இந்தக் கடல். எவ்வளவு நல்ல நாட்கள்! அதையெல்லாம் விட்டுவிட்டுப் போய்ப் படுத்தோமே என்று நொந்துகொண்டான். அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி இப்போது கிடைத்தால் போதும் என்றான்.

"அப்போல்லாம் நான் வெளையாடறப்போ நீ பக்கத்துலயே உக்காந்திருப்பே. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.